பதினோரு போர்வை

சலவைக்கூட முதலாளி குழாய்க்காரருக்குத் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. வெறும் கூலி என்றால் வயிற்றைக் கட்டிக்கொண்டு பொறுத்திருப்பார். அதில் பன்னிரண்டாயிரம், இரும்புக்கடையில் கடனுக்கு எடுத்த குழாயின் விலை. அதற்கு ஈடாக, குழாயில் மரை வெட்டும் கருவியைக் கடையில் விட்டு வந்திருந்தார். சனிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் கருவி கடைக்காரருடையது. கருவி போனால் கை போன மாதிரி.

இன்று வெள்ளி. முதலாளி பிடி கொடுக்கவில்லை.

“பழைய குழாய்த் தண்ணி எதிர்ச்சுவர்ல போய் அடிக்கும். நீங்க போட்டது சோம்பேறி மாதிரி காலடியில விழுது. இதுக்குப் பாக்கி வேற கேக்குறீங்களா?”

பழைய குழாயின் வாய் துருவேறி விரல்நுனி அளவுக்குச் சுருங்கியிருந்தது. புதியது தாராள வாய். முதலாளி தன் அறைக் கண்ணாடி வழியே பார்ப்பது தண்ணீர் பாய்வதை மட்டும்தான். தொட்டி நிறைவதை அவர் பார்த்ததில்லை.

குழாய்க்காரரின் காதோரம் அவர் மைத்துனன் வந்தான். “மாமா, வாயில ஒரு குறுகல் மூக்கை முடுக்கி விட்டுருங்க. பீச்சியடிக்கும். மனுஷன் குளிர்ந்து போய் நோட்டை எடுத்து நீட்டுவாரு.”

பையில் மூக்கு இருந்தது. சனிக்கிழமையும் கண்முன்னே நின்றது. குழாய்க்காரர் முடுக்கித் திறந்தார். தண்ணீர் சீறிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் தெறித்தது.

“இதத்தானே ஒரு வாரமா சொல்றேன்,” என்று முதலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்துச் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

தொட்டியருகே ஒரு பெண்ணோடு சேர்ந்து போர்வை முறுக்கிக்கொண்டிருந்த பெரியக்கா முணுமுணுத்தாள். “போச்சு. மறுபடியும் பதினோரு போர்வை.”

“என்னக்கா பதினோரு போர்வை?” என்று கேட்டார் குழாய்க்காரர்.

“பழைய குழாய்ல இந்தத் தொட்டி ரொம்புறதுக்குள்ள பதினோரு போர்வை முறுக்கிடுவோம். அப்புறமும் தண்ணிக்காகக் குந்தியிருப்போம். இந்த ஒரு வாரமா நாலு முறுக்குறதுக்குள்ள தொட்டி தளும்புது. நேரத்தோட வீட்டுக்குப் போனோம்.”

“இத ஏன் முதலாளிகிட்ட சொல்லல?”

“எங்கள யாரு கேட்டா?”

குழாய்க்காரர் அவளுடைய ஊறி வெளுத்த விரல்களைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

“பணத்தக் கொஞ்சம் பையிலயே வைங்க முதலாளி. முதல்ல தொட்டி ரொம்பட்டும்.”

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

காலித் தொட்டியைக் குழாயடியில் நகர்த்தினார்கள். பெண்கள் முறுக்க, முதலாளியே எண்ணினார். சீறிய தண்ணீர் பதினோராவது போர்வைக்குத்தான் விளிம்பைத் தொட்டது.

தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, குழாய்க்காரர் மூக்கைக் கழற்றினார்.

“அதக் கழட்டினா பாக்கிய மறந்துடுங்க.”

“இது சீக்கிரம் ரொம்பலைன்னா நானே மறந்துடறேன்.”

தண்ணீர் தடியாக, அலட்டிக்கொள்ளாமல் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது போர்வையில் முதலாளியின் குரல் இறங்கியது. நான்காவதை உதறும்போது தொட்டி வழிந்து அவருடைய புதுச் செருப்பை நனைத்தது.

“அதெப்படிய்யா? மெதுவாத்தானே வந்துச்சு?”

“ஒத்தை ஆள் நுழையுற கதவுல முண்டியடிச்சு வேகமா வருவாங்க. கதவ முழுசாத் திறந்தா நிதானமா நடந்து வருவாங்க. எதுல கூடம் சீக்கிரம் காலியாகும்? நீங்க வேகத்தப் பாத்தீங்க முதலாளி. போர்வைக்கு வேண்டியது அளவு.”

பெரியக்கா சிரித்தாள். முதலாளி காலை உதறிக்கொண்டே பதினெட்டாயிரத்து அறுநூறை எண்ணி வைத்தார். “நாப்பதுக்குச் சில்லறை இல்ல.”

“என்கிட்ட இருக்கு. நாளைக்குக் கூலியோட சேத்துக் குடுங்க,” என்று பெரியக்கா மடியை அவிழ்த்து நாற்பதை எடுத்து வைத்தாள். குழாய்க்காரர் கிளம்பும்போது முதலாளி, “அந்த மூக்க வச்சுட்டுப் போங்க, வண்டி கழுவ ஆகும்,” என்றார்.

அன்று மாலையே இரும்புக்கடைக்காரர் பன்னிரண்டாயிரத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு, நோட்டில் இருந்த கணக்கைக் குறுக்கே அடித்தார். குழாய்க்காரர் கருவியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மைத்துனன் கை நீட்டியும் கொடுக்கவில்லை.