ஸலாம் எழுதாத பெயர்கள்

மருதமுனையில் ஹுஸ்னியாவைப் பற்றி ஊர் சொல்வது இரண்டே விஷயம். கூடப்பிறந்த காக்கா கட்டிக்கொடுத்த சீதன வீட்டில் மாப்பிள்ளை இல்லாமல் தனியே இருக்கிறவள் என்பது ஒன்று. வேறு வேலையில்லாமல் கிறிஸ்தவர்களின் வேதத்துக்கு வயது பார்க்கிறவள் என்பது மற்றது. இரண்டும் உண்மைதான். ஊர் எப்போதாவதுதான் உண்மை சொல்லும், அன்றைக்குப் பார்த்து நம்மைப் பற்றியே சொல்லும்.

வயது பார்க்கும் வேலை அவளுக்குக் கடல் கொடுத்தது. சுனாமியாகக் கடல் வந்த அன்று அவளுக்கு வயது இருபத்திரண்டு. அலை இழுத்து, வேலியில் சிக்கி, கால் முறிந்து கிடந்தவளை யாரோ உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு சொறிக்கல்முனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் ஒன்பது நாள் கிடந்தாள். தண்ணீர் வைத்த, கஞ்சி ஊட்டிய வீட்டுக்காரிகளின் பெயரை இன்றும் ஒன்றுவிடாமல் சொல்வாள். படிக்க அங்கே இருந்தது ஒரே ஒரு புத்தகம், அவர்களின் வேதம். நபிமார்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியவள், அப்போஸ்தலர்களின் கதை சொல்லும் பகுதியில் வந்து மாட்டிக்கொண்டாள். ஓர் அப்போஸ்தலரைக் கைதியாக ரோமாபுரி வரை கூட்டிக்கொண்டு போய், வாடகை வீட்டில் இருத்திவிட்டு, கதை சட்டென்று நின்றுவிடுகிறது. பிறகு அந்த மனிதர் என்ன ஆனார் என்று ஒரு வரி இல்லை.

பட்டப்படிப்புக்கும் அதற்கு மேற்படிப்புக்கும் அந்தப் பகுதி எழுதப்பட்ட காலத்தையே எடுத்தாள். அவள் வாதம் எளிமையானது. எழுபதாம் ஆண்டில் ஜெருசலேம் ஆலயம் தரைமட்டமானது. அதைப் பற்றி அந்த நூலில் பேச்சே இல்லை. ஆகவே அது நடக்குமுன் எழுதப்பட்டது. "சொல்லாதவன் அறியாதவன்" என்று மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுவாள்.

எதிர்க்கட்சிக்காரர்கள் வேறு கதை சொன்னார்கள். அதே காலத்தை எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் நூல் முடிந்தது தொண்ணூற்றுச் சொச்சத்தில். இரண்டு கலகக்காரர்களைச் சொல்லும்போது பிந்தியவனை முன்னாலும் முந்தியவனின் பிள்ளைகளைப் பின்னாலும் வைத்து அவர் எழுதியிருக்கிறார். வேத நூலிலும் காலம் மாறி, பிந்தியவன்தான் முன்னால் வருகிறான். ஆகவே அந்த வரலாற்று நூலைப் பார்த்து அவசரத்தில் எழுதியிருக்கிறார் வேதக்காரர்; ஆலயம் இடிந்ததை அறிந்தும் சொல்லாமல் விட்டிருக்கிறார். சரியைப் பலபேர் தனித்தனியாகவும் சொல்லலாம், ஒரே பிழையை இரண்டு பேர் செய்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்திருக்கிறார் என்பது அவர்கள் கட்சி. ஹுஸ்னியா அதைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பாள். அறிந்தவன் எப்படிச் சொல்லாமல் இருப்பான் என்பது அவள் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வீட்டுக் காரணம் இருந்தது. அவள் காக்கா றிபாஸ், கட்டாரில் வேலை செய்து தங்கைக்கு வீடு கட்டினார். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் ஆண் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வீட்டுக்குக் கூரை ஏறியதும் மாப்பிள்ளையும் பேசி முடித்தார். ஹுஸ்னியா படிக்கப்போகிறேன், கலியாணம் வேண்டாம் என்றாள். தொலைபேசியில் பெரிய சண்டை. "இனி உன்னோட எனக்குக் கதையுமில்ல, ஸலாமுமில்ல" என்று சொல்லிவிட்டு வைத்தார். அது கடல் வருவதற்கு மூன்று கிழமை முன்பு.

கடல் வந்து பதினோராம் நாள், தோஹாவில் விமான நிலையம் போகும் வழியில் கார் புரண்டு காக்கா மௌத்தானார். அங்கேயே அடக்கினார்கள். அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாதம் கழித்து அவர் கடிதம் வந்தது, உம்மாவுக்கு. திகதி இல்லை. முத்திரையைக் காக்காவின் மகள் ஹிமாயா ஆசைப்பட்டுப் பிய்த்துக்கொண்டாள். தொலைபேசி அறுந்து, தபால் எல்லாம் தாறுமாறாகக் கிடந்த காலம். கடிதத்தில் கடலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆகவே கடல் வருமுன் எழுதியது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஹுஸ்னியாதான் வாசித்தாள். தண்ணியக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், ஹிமாயாவை வெளியே விடாதீர்கள், வந்துவிடுவேன். கடைசியில் வழக்கம்போல ஸலாம் வரிசை. அவள் கண் தன் பெயரைத் தேடி ஓடியது. இல்லை.

"உனக்கு?" என்று உம்மா கேட்டார்.

"எனக்கும் ஸலாம் சொல்லியிரிக்கார் உம்மா" என்றாள்.

அன்றைக்கு மனம் கல்லாகிவிட்டது. சாகும்வரை கோபத்தை விடாத மனிதர் என்று காக்காவை எழுதி வைத்துக்கொண்டாள். வருடா வருடம் காக்கா மௌத்தான நாளில் அவர் மனைவி நதீரா வீட்டில் குர்ஆன் கத்தம் ஓதுவார்கள். ஹுஸ்னியாவுக்கு அன்றைக்கென்று வகுப்பு வரும், தலைவலி வரும். இருபது வருடத்தில் அவருக்காக ஒரு யாசீன் அத்தியாயம்கூட ஓதவில்லை. அவர் கட்டிய வீட்டிலேயே படுத்து எழும்பிக்கொண்டு ஓதவில்லை.

கடல் வந்து இருபது வருடம் நிறைந்தபோது, மௌத்தானவர்களின் பெயர்களை நூலாகப் போடப் பள்ளிவாசல் முடிவு செய்தது. அந்த வேலையைப் பார்த்த றிம்சான் பழைய பட்டியல்களைச் சரிபார்க்க அவளிடம் கொண்டுவந்தான். ஒன்று, கடல் வந்து நாலாம் நாள் கட்டாரில் இருந்த ஊர்ப்பொடியன்களுக்குப் பள்ளிவாசல் அனுப்பிய ஃபக்ஸ்.

"மெடம், இதுல உங்கட பேரும் இரிக்கு" என்று சிரித்தான். "கடக்கரையில உங்கட பேக்கும் ஐடென்டிக்காட்டும் கிடந்ததாம். அத வெச்சி எழுதிட்டாங்க. பிறகுதான் வெட்டின."

அவளும் சிரித்தாள். செத்தவர்களோடு தன் பெயரைப் பார்ப்பது எல்லோருக்கும் வாய்க்காது. றிம்சான் போன பிறகும் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டாருக்குப் போன தாள். நாலாம் நாள் போன தாள். சிரிப்பு வாயிலேயே காய்ந்துபோனது.

அசர் தொழுகைக்கு முன்பே நதீரா வீட்டுக்குப் போனாள். இரண்டு கடிதம் கேட்டாள்: கடைசிக் கடிதமும், அதற்கு முந்தியதும். உம்மா மௌத்தானதிலிருந்து அவை நதீராவிடம்தான் இருந்தன. முந்தியதில் நவம்பர் திகதி தெளிவாக இருந்தது. ஸலாம் வரிசையில் பதினாலு பேர். முதல் பெயர் எப்போதும்போல சின்னம்மா முறையான லைலா சாச்சி. கடைசிக் கடிதத்தில் ஒன்பதே பேர். சாச்சி இல்லை. சாச்சியின் இரண்டு மகள்மார் இல்லை. பக்கத்து வீட்டு ஸைனுலாப்தீன் இல்லை. நாலு பேரும் கடலோடு போனவர்கள். விடுபட்ட ஐந்தாவது பெயர் ஹுஸ்னியா.

ஐந்து பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன. பட்டியலின் பிழையும் கடிதத்தில் அப்படியே இருந்தது.

இருபது வருடம் தன் ஒரு பெயரைத் தவிர வேறெதையும் பார்க்காத கண்ணை என்ன செய்வது? கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ஊரான் வேதத்தைப் படித்தவள், காக்காவின் ஒரு பக்கக் கடிதத்தைப் படிக்கவில்லை. மகளைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரு மகன் எதைத்தான் எழுதுவான்? தண்ணியக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றுதான் எழுதுவான்.

"மதினி, காக்காக்கு எல்லாம் தெரிஞ்சிரிக்கு" என்றாள். "கோபத்துல விடல்ல. நான் மௌத்தாப்போயிட்டன் எண்டு நினைச்சித்தான் விட்டிரிக்கார்."

நதீரா பட்டியலை வாங்கிப் பார்த்தாள். கடிதங்களைப் பார்த்தாள். ஹுஸ்னியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் சண்டையிலதான் விட்டவர் எண்டு நினைச்ச. உங்களுக்கு நோகும் எண்டு ஒருநாளும் கதைக்கல்ல" என்றாள். பிறகு, ஆறுதலுக்காகத்தான், மெல்லச் சொல்லத் தொடங்கினாள். "பாருங்க ஹுஸ்னியா, உங்கள்ல எவ்வளவு இரக்கமெண்டு. சித்திரை வரைக்கும் லீவு தரமாட்டாங்க எண்டு எனக்கு எழுதினவர். தாய், பொஞ்சாதி, புள்ள, கூடப்பொறந்த ஆக்கள்ல மௌத்து எண்டாத்தான் இடையில விடுவாங்களாம். உம்மா இரிந்தாங்க, நானும் புள்ளையும் இரிந்தம், பிறகெப்பிடி லீவு கிடைச்ச எண்டு நான் எத்தின நாள் யோசிச்சிரிப்பன். உங்கட மௌத்தக் காட்டித்தான் அவர் அண்டைக்கு அந்தக் கார்ல…"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

நதீராவின் கை மெதுவாக விலகியது. அவள் எழுந்து குசினிக்குள் போனாள். ஹுஸ்னியா வெறும் நிலத்தில் முட்டுக்குத்தி இருந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, காக்காவுக்காக முதல் தடவையாக யாசீன் ஓதத் தொடங்கினாள். நாலாவது வசனத்துக்கு மேல் வாய் வரவில்லை. திரும்பத் தொடங்கினாள், அதே இடத்தில் நின்றது. குசினிக்குள் நதீரா குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சேர்ந்து ஓத வரவில்லை.