எந்த அமினோ நல்லது

அன்புமணிக்கு இடது கை தேறாமல் போனது தொண்ணூற்று நாலு சித்திரையில். நானும் அவனும் உக்கடத்தில் ஒரு மாடி ஜிம்மில் ஒன்பது வருஷமாகச் சேர்ந்தே பயிற்சி செய்தவர்கள். அவனுக்கு வீடு சூலூரில், வேலை சிங்காநல்லூரில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில். நான் டவுன்ஹால் பக்கம் ஒரு மருந்துக் கடையில் இருந்தேன். எந்த மாத்திரை, எந்த பவுடர் என்று ஜிம்மில் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். ரசாக் பாய் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர். மருந்துப் படிப்பெல்லாம் படித்தவனில்லை நான். டப்பாவின் பின்பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படிப்பேன், அவ்வளவுதான்.

ஆவணியில் மாவட்ட ஆணழகன் போட்டி. முந்தின வருஷம் அவனுக்கு இரண்டாமிடம். இந்தத் தடவை விடக்கூடாது என்று இருந்தவன், ஒரு மத்தியானம் கடைக்கு வந்து நின்றான்.

"பாய், எடது கை தேறவே மாட்டேங்குது. திங்கக்கெழம பயிற்சி பண்ணுன கை வெள்ளிக்கெழம வரைக்கும் சோந்தே கெடக்குது. சுத்தளவும் கொறஞ்சுபோச்சு."

"சாப்பாடு மட்டும் பத்தாது அன்பு. அமினோ மாத்திரை போட்டாத்தான் சதை தேறும்."

மூன்று டப்பாக்களை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தேன். ஒன்று ஈரலில் செய்த மாத்திரை. ஒன்று துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கேப்சூல். மூன்றாவது, பெரிய வெள்ளை டப்பா.

"ஈரல் மாத்திரையில எல்லா அமினோவும் இருக்கு, ஆனா கொஞ்சம் கொஞ்சந்தான். கேப்சூலு எதுல செஞ்சதுன்னே போடல, அத நான் வாயில வைக்க மாட்டேன், உனக்கும் குடுக்க மாட்டேன். இதப் பாரு. லூசின், ஐசோலூசின், வேலின்னு மூணே அமினோ. மூணும் நேராச் சதைக்கே போகும். பயிற்சி முடிஞ்சு நாலு போட்டீன்னா மறுநாளே கை கெளம்பிரும்."

"நீ எடுத்துக் குடு பாய். எனக்கென்ன தெரியும்."

எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஜிம்மில் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டினான். தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றால் இன்னொரு இடத்தில் ஆரம்பித்தது.

"வேலை செய்யுது பாத்தியா," என்றேன். "சதை வளர்றப்ப அப்படித்தான் துடிக்கும்."

அதை எங்கே படித்தேன், யார் சொல்லிக் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவனுக்கு அத்தனை சந்தோஷம். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். நாலு மாத்திரையை எட்டாக்கினேன். ஆனியில் வேறு கம்பெனி டப்பாவுக்கு மாற்றினேன். கை மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

ஆடி முதல் வாரம் அவன் சம்சாரம் சின்னத்தாயி கடைக்கு வந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள் யுவஸ்ரீ.

"ஏனுங்கண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அவுரு சட்டைக்குப் பொத்தான் நாந்தான் போட்டுடறேன். பூட்டுல சாவியத் திருப்ப முடியலீங்க அவுருக்கு. இந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க. நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறனுங்க."

"மாத்திரையால ஒண்ணுமில்லீங்கம்மணி. போட்டிக்காகக் கடுமையாப் பண்றான், அந்தச் சோர்வுதான். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா மொதல்ல ஜிம்மை நிறுத்துன்னுதான் சொல்லுவாங்க. போட்டி முடியட்டும், சரியாப் போயிரும்."

மகளை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரிங்கண்ணா," என்று போனாள். என் வார்த்தையை நம்பித்தான் போனாள்.

போட்டியன்று நான் மேடைக்குக் கீழே முன்வரிசையில் நின்றேன். இரண்டு கையையும் மடக்கித் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். வலது கை எழுந்தது. இடது கை தோள் வரைக்கும் வந்து, நடுங்கி, இறங்கிவிட்டது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எல்லாருக்கும் இருக்கிற சதை அவனுக்கு இல்லை. குழியாக இருந்தது. வாரத்தில் ஆறு நாள் கூடவே நின்றவன் நான், என் கண்ணில் அது படவேயில்லை.

இறங்கி வந்தவன் கேட்டான், "வேற அமினோ மாத்திப் பாக்கலாமா பாய்?"

மறுநாள் கடைக்கு லீவு போட்டு, நரம்பு டாக்டர் ஒருவரிடம் அவனையும் சின்னத்தாயியையும் கூட்டிப்போனேன். டாக்டர் அவன் நாக்கை நீட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். கையிலும் தொடையிலும் ஊசி குத்தி, ஒயரில் இணைத்த மெஷினைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார்.

"சதையில குறையில்லீங்க. சதைக்கு உத்தரவு குடுக்கற நரம்பு ஒவ்வொண்ணாச் செத்துட்டு வருது. உத்தரவு வராத சதை சும்மா கெடந்து கரையுது. இதுக்கு இன்னைய தேதிக்கு வைத்தியம் இல்லீங்க."

அன்புமணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு, "எந்த அமினோ சாப்பிட்டா நல்லதுங்க டாக்டர்?" என்றான்.

நான் எந்த டப்பாவைக் கொடுத்தேன் என்று சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. "வெளிநாட்டுல இதே மூணு அமினோவையும் இந்த நோய்க்கே குடுத்துப் பாத்தாங்க. பலன் இல்லைன்னு பாதியில நிறுத்திட்டாங்க," என்றார்.

சின்னத்தாயி என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த வருஷத்துக்குள் வலது கையும் போனது, அப்புறம் கால்கள். பவுண்டரி வேலை நின்றது. சின்னத்தாயி தறிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் சூலூர் போவேன். பேச்சு குழற ஆரம்பித்தபிறகு அவன் சொல்வது யுவஸ்ரீக்கு மட்டும்தான் புரிந்தது. அவள்தான் எங்களுக்குச் சொல்வாள். அப்போதும் மாத்திரை கேட்டான். இப்போது அதை இடித்துப் பாலில் கலக்கிக் கொடுப்பது சின்னத்தாயி.

"நிறுத்திப்போடாதீங்கண்ணா," என்றாள் ஒரு தடவை. "அதக் குடிச்சாத்தான் அவுரு மூஞ்சியில ஒரு தெளிவு வருது."

அதனால் கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன். ஐப்பசியில் ஒரு ஞாயிறு அந்தப் பால் புரையேறிவிட்டது. இருமக்கூட முடியாமல் உதடு நீலம் பாய்ந்தது. நாங்கள் இருவரும் அவனைக் குனியவைத்து, மூச்சு திரும்பும் வரைக்கும் முதுகில் தட்டினோம்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்பு, இது வேண்டாம்டா. இதுனால ஒண்ணும் ஆகாது. மொதல்லயிருந்தே ஆகல. தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

அவன் ஏதோ சொன்னான்.

"தெரியும்கறாரு அப்பா," என்றாள் யுவஸ்ரீ.

மறுபடியும் ஏதோ.

"பரோட்டா வேணுமாம்."

உடம்புக்காக ஒன்பது வருஷம் அவன் பரோட்டாவைத் தொட்டதில்லை. பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய் வாங்கி வந்தேன். சின்னத்தாயி அதைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்து, கூழாகப் பிசைந்து ஊட்டினாள். பாதி பரோட்டா தின்ன அரைமணி நேரம் ஆனது. தின்றுகொண்டே சிரித்தானா அழுதானா தெரியவில்லை. அந்த நோயில் இரண்டும் ஒரே மாதிரிதான் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தை பிறந்து பத்து நாளில் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போயிருந்தேன். சின்னத்தாயி வாசலில் தனியாக நின்றாள்.

"ஆடி மாசம் உங்க கடைக்கு வந்தனுங்களேண்ணா. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாப் பொழச்சிருப்பாருங்களா?"

"இல்லீங்கம்மணி. டாக்டருகிட்ட நானும் கேட்டேன். எப்பப் போயிருந்தாலும் இதேதான்னு சொல்லிட்டாரு."

அது உண்மை. அவளும் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

"அதில்லீங்கண்ணா," என்றாள். "தெரிஞ்சிருந்தா அந்த நாளெல்லாம் வேல விட்டதும் ஜிம்முக்குப் போகாம ஊட்டுக்கு வந்திருப்பாரு. அப்பக் கை இருந்துச்சுங்களே. பாப்பாவ எடுத்துட்டு நாலு எடம் போயிருப்பாரு."

அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.