ஆறு விரல் கை

மூன்று கோடைகள் பாலைவனத்துப் பள்ளத்தாக்குகளில் நாயாய் அலைந்துதான் அவன் அந்தக் கைகளைக் கண்டுபிடித்தான். பாறையின் மடிப்புக்குள், குனிந்து போனால் மட்டுமே தெரியும் இடத்தில், காவி நிறத்தில் பதித்த பதினொரு கைகள். ஒன்றுக்கு ஆறு விரல். எத்தனை ஆயிரம் வருடத்துக் கைகளோ, பதித்தவர்களுக்கே வெளிச்சம்.

அவன் லாரி டிரைவர். அவன் பெயர் அதுவரை அச்சில் வந்தது ஒரே இடத்தில், அதுவும் எழுத்துப் பிழையோடு, அவன் கல்யாணப் பத்திரிகையில். அக்காள் புருஷனோ பேர்போன போட்டோகிராபர். "என் புத்தகத்துல, படத்துக்குக் கீழ, கண்டுபிடிச்சது நீன்னு உன் பேரைப் போடுறேன்டா மச்சான்" என்று அத்தான் வாக்குக் கொடுத்ததும் மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை. லீவு போட்டு, ஜீப்பை வாடகைக்குப் பிடித்து, இரண்டு நாள் ஓட்டிவந்தான். வழிநெடுக அத்தான் தன் பெருமையைத் தானே அளந்துகொண்டு வந்தார். அதையும் பொறுத்துக்கொண்டான்.

மடிப்புக்குள் கேமரா ஸ்டாண்டை நிறுத்திப் பார்த்த அத்தான் உதட்டைப் பிதுக்கினார்.

"வெளுத்துப் போயிருக்கே. கொஞ்சம் தண்ணி தெளி. நிறம் தூக்கும், காயறதுக்குள்ள எடுத்துடலாம்."

"வேணாம் அத்தான். லேசாத் தொட்டாலே மாவா உதிருது."

"இருபது வருஷமா இப்படித்தான் எடுக்கிறேன். நீ எனக்குச் சொல்லித் தரப் போறியா? வெளுத்த படத்தை எவனும் அச்சுல போட மாட்டான். பேர் வேணுமா, வேணாமா?"

வேண்டும். இந்த ஆசைதான் அவனுடைய கேடு. பாட்டிலை எடுத்தான்.

தண்ணீர் பட்டதும் பதினொரு கைகளும் நேற்றுப் பதித்தவை போல எழுந்து நின்றன. அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அத்தான் படபடவென்று கிளிக்கினார். நான்காவது படமோ ஐந்தாவதோ, காவி மெல்லக் கீழே வழிய ஆரம்பித்தது. பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றி ஒற்றினான். முட்டாள்தனம்! ஒற்றிய இடமெல்லாம் காவி பாறையின் தோலோடு பெயர்ந்து வந்தது. ஆறு விரல் கை சட்டையில் ஒரு அழுக்காக ஒட்டிக்கொண்டது. பாறையில் எதுவும் மிஞ்சவில்லை.

அத்தான் கேமராத் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"பிரமாதம்! இனி எவன் வந்தாலும் இதை எடுக்க முடியாது. உலகத்துல என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

அத்தான் லென்ஸை நிதானமாகத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"நான் சொன்ன சொல் மாற மாட்டேன் மச்சான். உன் பேரைப் போட்டுடறேன். ஆனா ஒண்ணு. புத்தகம் வந்ததும் படிச்சவங்க தேடி வருவாங்க. வெறும் பாறைதான் நிக்கும். யாரு அழிச்சதுன்னு கேப்பாங்க. நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னேன். தெளிச்சது நீ, துடைச்சது நீ. போடட்டுமா?"

அவன் பாறையைப் பார்த்தான். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"வேணாம் அத்தான்."

"யோசிச்சுச் சொல்லு. அப்புறம் உங்கக்காகிட்டப் போய் நான் ஏமாத்திட்டேன்னு அழக் கூடாது."

"போட வேணாம்."

"அப்ப சரி. ஸ்டாண்டைத் தூக்கிட்டு வா" என்று அத்தான் முன்னால் நடந்தார்.

அவன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.