நல்லா இருக்குதுங்க

சிங்காநல்லூர் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு சந்தில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஒலிநூல் கூடம். கதைப் புத்தகங்களை வாசிக்கச் செய்து, பதிவு பண்ணி, பிசிறு நீக்கி, கேட்கிறவர்களுக்கு விற்பது அவர்கள் தொழில். காலையில் மாடியேறும் முன் எல்லோரும் கீழே பேக்கரியில் டீ குடிப்பார்கள். அன்று கதிர் டீயைத் தொடவே இல்லை. பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். நகைக்கடைப் பெட்டிகூட அவ்வளவு பவிசாக இருக்காது.

"வாங்கிப்போட்டனுங்க," என்றான்.

பெட்டிக்குள் மெத்தை விரித்து, பளபளக்கும் கம்பியோடு ஒரு இயர்போன் படுத்திருந்தது. கதிர் பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலை பார்ப்பவன். தங்கமான பையன்தான், ஆனால் புதுப் பொருள் கைக்கு வந்துவிட்டால் அவனுக்குக் கால் தரையில் பாவாது. விலையைக் கேட்ட டீ மாஸ்டர் ஆற்றுகிற கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கலாமுங்களே!"

"மாடு பாடுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, கதிர் அதை ஒவ்வொருவர் காதிலாக மாட்டிவிட்டான். புத்தகம் வாசிக்கும் ஜெயக்கொடி அக்கா கேட்டுவிட்டு, "நல்லா இருக்குது கண்ணு," என்றாள். கூடத்தின் முதலாளி சசிதர் கண்ணை மூடித் தலையாட்டி, "பிரமாதமுங்க," என்றார். கடைசியில் அது மெர்சியிடம் வந்தது.

மெர்சி கவனமாகக் கேட்டாள். பாட்டு கேட்டது. நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அவளுடைய பழைய கம்பி இயர்போனிலும் அது கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்கும். கதிர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆசையாக வாங்கியிருக்கிறான்; என்னத்தைச் சொல்வது?

"நல்லா இருக்குதுங்கண்ணா," என்றாள்.

கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும், நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவார்கள். அழகான குணம்தான். ஆனால் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு சொல் மெர்சியின் வேலைக்கே உலை வைத்தது.

மெர்சி பார்த்துவந்த வேலைக்குக் கூடத்தில் 'கடைசிக் கேட்பு' என்று பெயர். ஒரு புத்தகம் வெளியே போகும் முன் முழுவதையும் ஒருமுறை கேட்க வேண்டும். நாற்காலி முனகல், பஸ் ஹாரன், விட்டுப்போன வரி, தப்பாக வாசித்த சொல் எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். அன்னூரில் தோட்டங்காட்டு வேலைக்குப் போய்த் தேய்ந்த குடும்பம் அவளுடையது. அவர்களில் முதல்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவள் அவள்தான். அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வெளியே போகிற ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும், 'கேட்டுச் சரிபார்த்தவர் மெர்சி' என்று ஒரு குரல் சொல்லும். அவள் அப்பா அந்தக் கடைசி வரிக்காகவே முழுப் புத்தகத்தையும் கேட்பார்.

மறுநாள் சசிதரும் அதே இயர்போனை வாங்கிவந்துவிட்டார். அடுத்த வாரம் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே கடைசிக் கேட்பு இந்த மாதிரி சாமான்லதான் பண்ணோணுமுங்க. கேக்கற கஸ்டமருக்கும் ஒரு நம்பிக்கை வருமில்லீங்களா? மெர்சி, நீங்களும் ஒண்ணு வாங்கீருங்க. அதுவரைக்கும் கதிர் பாத்துக்கட்டும். நீங்க வெட்டு வேலைக்குப் போயிருங்க," என்றார்.

"சாருங்க, என்ற இயர்போன்லயே எல்லாம் கேக்குதுங்களே..."

கதிர் சிரித்தான். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. "உங்களுக்குக் கேக்குதுன்னு நெனைக்கறீங்க மெர்சி. கேக்காதது உங்களுக்கு எப்புடிங்க தெரியும்? அதுவும் நீங்க கேக்கறது சுருக்கிப்போட்ட சின்ன எம்பி3 பைலு. அது சக்கை காப்பியாட்டமுங்க. பெரிய பைலு, பெரிய இயர்போனு, அப்பத்தான் வாசிக்கறவங்க மூச்சே காதுல வந்து மோதும். அன்னைக்கு நீங்களே நல்லா இருக்குதுன்னு சொன்னீங்கல்ல?"

சொன்னாள்தான். இப்போது எந்த வாயால் மறுப்பது?

சாயங்காலம் அன்னூர் பஸ்ஸில் அவள் கதிர் அனுப்பிய பெரிய பைலையும் தன்னிடமிருந்த சின்ன பைலையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். சரவணம்பட்டி தாண்டுகிறவரை கேட்டும் ஒரு வித்தியாசமும் பிடிபடவில்லை. என் காதில்தான் கோளாறோ என்ற பயம் அப்போதுதான் முதல்முறையாக வந்தது. காசு இல்லாத குறையை அவள் பழகியிருந்தாள். காது இல்லாத குறையை அவளால் தாங்க முடியவில்லை. போனில் அந்த இயர்போனின் பக்கத்தைத் திறந்து, மாதத் தவணைக்கு விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் ஊர் வந்துவிட்டது. இறங்க வேண்டியிருந்ததால் மட்டுமே அன்று அவள் வாங்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் கூடத்தில் விழா. பேக்கரிக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் கோலம் போட்டு, சசிதரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொங்கல் கிண்டினார். உறியடிக்குப் பானை கட்டியிருந்தார்கள். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியோடு போன கதிர், பானையை விட்டுவிட்டுப் பேக்கரிக்காரர் காயப்போட்ட வடிகட்டித் துணியை வெளுத்து வாங்கினான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"கண்ணைக் கட்டிப்போட்டா பொறவு என்னங்க தெரியும்? வெறும் காதுதானுங்க மிச்சம்," என்று துண்டை அவிழ்த்தபடி சொன்னான் கதிர்.

மெர்சிக்குச் சட்டென்று உறைத்தது. அந்தத் துண்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சாருங்க, இதைக் கட்டிக்கிட்டு இயர்போனையுங் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

கூட்டம் ஓவென்றது. சசிதர் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பாக்கலாமுங்க. எது உசத்தின்னு தெரிஞ்சுதுன்னா பொறவு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரிங்களா?"

"சரிங்க," என்றாள். தோற்றால் கடைசிக் கேட்பு போயே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாற்காலியைப் போட்டார்கள். காதில் படும்போது அடையாளம் தெரியக் கூடாது என்று மெர்சி இரண்டு இயர்போனிலும் ஒரே மாதிரி ரப்பர் முனைகளை மாட்டினாள். சத்தம் கொஞ்சம் கூடினாலும் அதுவே உசத்தியாகத் தோன்றும் என்பதால், கூடத்தில் சத்தத்தை அளக்கும் கருவியை எடுத்துவந்து சசிதரே இரண்டையும் ஒரே அளவுக்கு வைத்தார். கேட்பதற்கு, ஜெயக்கொடி அக்கா புதிதாக வாசித்த நாவலில் ஒரு பகுதி. கதிர் கடைசிக் கேட்பு முடித்து, பண்டிகை கழிந்ததும் வெளியே போகக் காத்திருந்த பதிவு அது.

முதலில் கதிரே உட்கார்ந்தான். அக்கா மாட்டிவிட்டாள்.

"இதுதாங்க என்னுது! மூச்சுகூடக் கேக்குது பாருங்க!"

அவன் காதில் இருந்தது மெர்சியின் கம்பி இயர்போன். யாரும் சிரிக்கக் கூடாது என்று அக்கா சைகை காட்டினாள். மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்னான். அடுத்த முறை தப்பு. அதற்கடுத்தது, "இருங்க, இருங்க," என்று நெற்றியைச் சுருக்கினான். துண்டை அவிழ்த்தபோது அவன் முகத்தில் வேர்த்திருந்தது.

பிறகு சசிதர். பெரிய பைல், சின்ன பைல் இரண்டையும் அவருக்குப் போட்டார்கள். பாவம், அவர் பாடுதான் திண்டாட்டம். எது யாருடையது என்று தெரியாததால் மரியாதையை எந்தப் பக்கம் வைப்பது என்றே அவருக்குப் புரியவில்லை.

"ரெண்டும் நல்லா... இது எதுங்க இப்போ?" என்றார்.

"அதை நீங்கதான் சொல்லோணும் சார்," என்றாள் அக்கா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கடைசியில் மெர்சி துண்டைத் தன் கண்ணில் கட்டிக்கொண்டாள். இரண்டு இயர்போனையும், பிறகு இரண்டு பைலையும் நிதானமாகக் கேட்டாள். இப்போது மாத்திரம் பூசி மெழுக அவள் விரும்பவில்லை.

"ரெண்டுக்கும் ஏதோ சின்னதா வித்தியாசம் இருக்குதுங்க. ஆனா எது உசத்தின்னு என்னால சொல்ல முடியலீங்க. பைல்ல ஒரு வித்தியாசமும் தெரியலீங்க. அன்னைக்கு நல்லா இருக்குதுன்னு சொன்னது, அண்ணன் மனசு நோகக் கூடாதேன்னு சொன்னதுங்க." சசிதர் இருந்த பக்கம் திரும்பினாள். "ஆனா சார், இந்தக் கதையில வர்றவன் அழுதுகிட்டே எதுக்குங்க ஊட்டிக்குப் போறான்?"

"ஊட்டியா?" கதிர் எழுந்து நின்றுவிட்டான். "கதை நடக்கறதே மதுரையிலதானுங்க!"

"மறுக்காப் போட்டுப் பாருங்க."

ஸ்பீக்கரில் போட்டார்கள். ஜெயக்கொடி அக்காவின் கணீர்க் குரல் அந்த இடமெங்கும் கேட்டது: "அவன் அழுதுகொண்டே ஊட்டுக்குப் போனான்."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததுதான் விஷயமே. 'வீட்டுக்கு' என்று அச்சில் இருந்ததை அக்கா பேச்சு வாக்கில் 'ஊட்டுக்கு' என்று வாசித்திருந்தாள். அங்கே இருந்த எல்லோருமே பிறந்ததிலிருந்து ஊட்டுக்குப் போகிறவர்கள். மெர்சியைத் தவிர யார் காதிலும் அது இடறவில்லை. மதுரையிலோ மெட்ராஸிலோ கேட்கிறவர்கள், பையன் மலையேறிவிட்டான் என்றே நினைப்பார்கள்.

"அட என்ற சாமீ!" என்று வாயில் கை வைத்தாள் அக்கா. "இன்னும் எத்தனை எடத்துல அவனை ஊட்டுக்கு அனுப்பிப்போட்டனோ!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சிரிக்காதவன் கதிர் ஒருவன்தான். மெர்சியின் கண்ணிலிருந்து துண்டை அவனே அவிழ்த்துவிட்டான்.

"இந்த எடத்தை நான் மூணுதரம் கேட்டனுங்க மெர்சி. மூச்சு கேக்குதா, உதடு ஒட்டறது கேக்குதான்னு இயர்போனைத்தான் கேட்டுட்டு இருந்திருக்கறேன். கதையைக் கேக்கவே இல்லீங்க." துண்டை மடித்துத் தோளில் போட்டான். "ஆசைக்கு வாங்கறது தப்பில்லீங்க. ஆனா விலையைப் பாத்து ஒரு பொருளை உசத்தின்னு நெனைக்கறதே தப்பு. காதுல மாட்டீருக்கறதைப் பாத்து ஒரு ஆளை மட்டம்னு நெனைச்சேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய தப்பு. கேக்கறது சாமான் இல்லீங்க, மனுசனோட கவனம். மன்னிச்சுப்போடுங்க."

"என்ற மேலயுந்தான் தப்பு இருக்குதுங்க," என்றார் சசிதர். "நல்லா இருக்குதுன்னு நாம ஆளாளுக்கு மரியாதைக்குச் சொல்லிச் சொல்லியே ஒரு பொய்யை நெசமாக்கிப்போட்டோம். மரியாதை மனுசனுக்குங்க, பொய்க்கு இல்ல. மெர்சி, கடைசிக் கேட்பு உங்குளுதுதான். உங்க இயர்போன்லயே கேளுங்க. நீங்க சரின்னு சொல்லாம இந்தக் கூடத்துலிருந்து ஒரு வரி வெளிய போகாது."

ஜெயக்கொடி அக்கா தன்னை மறந்து விசில் அடித்தாள். உறியடித் தடியைக் கொண்டுவந்து மெர்சி கையில் கொடுத்தாள் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி. மறுபடி துண்டு கட்டினார்கள். எல்லோரும் வேண்டுமென்றே தப்புத் தப்பாக வழி சொல்ல, அதற்கு நடுவில் காற்றில் ஆடும் உறிக்கயிற்றின் கிறீச்சை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாள் மெர்சி. ஒரே அடி. பானை சிதறி, மஞ்சள் தண்ணீர் கதிரின் தலையில் அபிஷேகம் ஆனது. அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினான்.

பொங்கலை இலையில் வைத்து முதலில் மெர்சிக்குத்தான் கொடுத்தார் சசிதர். அவள் வாயில் போட்டதும் ஆவலாகக் குனிந்து, "எப்புடிங்க இருக்குது?" என்று கேட்டார்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் பழக்க தோஷத்தில், நல்லா இருக்குதுங்க என்று சொல்ல வாயெடுத்தார்கள். மெர்சி மென்று விழுங்கிவிட்டு, முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"வெல்லம் பத்தலீங்க சார்."