நீலமாகிப்போன சொட்டு

கொழும்புத் தோணி வந்துவிட்டதென்று கேள்விப்பட்டதும் துறைமுகத்துக்குப் போனேன். அதில் சமையல் வேலை பார்க்கிற என் அண்ணன் ஜெபசிங், அம்மாவுக்குக் கொயினாப் பொடி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். கொயினா வந்துகொண்டிருந்த ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து ஊரில் அது இல்லை. கிடைத்தாலும் பாதி மைதா மாவு. அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மலேரியாக் குளிர்காய்ச்சல். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றது.

அண்ணன் சுங்கக் கொட்டகையில் நின்றான். மேசைமேல் ஒரு கருப்பட்டி இரண்டாக உடைந்து கிடந்தது. அதைக் குடைந்து உள்ளே பொட்டலத்தை வைத்திருக்கிறான்.

"ஏலே, கருப்பட்டி இங்கன இருந்துதாம்ல கொழும்புக்குப் போவும். நீ என்ன, அங்கன இருந்து கொண்டு வாரே?" என்றார் பியூன் வன்னியபெருமாள். சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

"தோணியில எல்லாவனுக்கும் காய்ச்சல், அண்ணாச்சி. வெளிய தெரிஞ்சா ஆளுக்கொரு சிட்டிகை கேப்பானுவ. அம்மைக்கு மிஞ்சாது."

அதிகாரி சிரிக்கவில்லை. பீங்கான் தட்டில் கொஞ்சம் பொடியை வைத்து, ஒரு புட்டியிலிருந்து சொட்டு விட்டார். கோபால்ட் தயோசயனேட் என்று புட்டியில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ரோஜா நிறத் தண்ணீர். பொடியில் பட்டதும் நீலமாகிவிட்டது.

"கொக்கேனுக்கு இப்படித்தான் நீலமாகும். கொயினாவுக்கும் ஆகும்னு சொல்றாங்க," என்றார். "கொஞ்சம் நாக்குல வையி. மரத்துப்போகுதா?"

கொக்கேன் என்பது போதைப்பொருள், நாக்கை மரத்துப்போகச் செய்வது அதுதான் என்று அண்ணனுக்குத் தெரியாது. மைதா கலந்த மருந்தோ என்று சந்தேகப்படுகிறார்கள் என்றே நினைத்துவிட்டான். தொட்டு நக்கிவிட்டு நிமிர்ந்து நின்றான்.

"நல்லா மரத்துப்போவுது, சார்! நாக்கு இருக்க எடமே தெரியல. கலப்படமே கெடையாது. அசல் சரக்கு."

வன்னியபெருமாள் தலையில் அடித்துக்கொண்டார். "கெடுத்தியேலே, மடப்பயலே!"

கசப்பு மட்டும்தான் என்று அண்ணன் பிறகு எவ்வளவோ சொன்னான். பொட்டலத்துக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள், மதராஸில் சோதிப்பதற்கு.

"ஒரு சிட்டிகை மட்டும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வன்னியபெருமாள்தான் எடுத்துச் சொன்னார்.

"விஷமா இருந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அண்ணனைக் காவலில் வைத்தார்கள். நான் வீட்டுக்கு வந்தேன்.

"அண்ணன் வந்துட்டானாளா?" என்று அம்மா கேட்டாள்.

"தோணி வரல."

அவள் கோணிப்பையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வந்து தரையைக் கழுவினேன். உலை வைத்தேன். அழுகை வருமென்று காத்திருந்தேன். சோறு வெந்துவிட்டது.

பிறகு மதராஸிலிருந்து பதில் வந்தது. கொயினாதான். அண்ணனை விட்டுவிட்டார்கள். பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை குளிரில் வெட்டி வெட்டி நடுங்கியது.

"கொஞ்சம் தாலே."

"தர மாட்டேன். அது அம்மைக்கு உள்ளது."

"அம்மை எங்கனலே இருக்கா?"

அண்ணன் பொட்டலத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவன் விரல்களைப் பிரித்துப் பொட்டலத்தை எடுத்தேன். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். பிள்ளை துப்பியது. மூக்கைப் பிடித்து மறுபடியும் ஊற்றினேன்.