ஓடிப்போன படம்

மூடுபனி கலைவதைப் பற்றிய கட்டுரையை மாலைக்குள் ஆய்விதழுக்கு அனுப்பாவிட்டால் அக்காவுக்கு ஆராய்ச்சி வேலை போய்விடும். அச்சுக்கோக்கும் லேடெக்ஸ் மென்பொருளைக் காலையில்தான் கணினியில் நிறுவினாள். வரிகள் ஒழுங்காக அமைந்தன. பனிப் படம் மட்டும் தன்னை விளக்கும் பத்தியை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு மிதந்துபோனது. இதழ்க்காரர்கள் அதை ஏற்கமாட்டார்கள்.

மூட்டை தூக்கிவிட்டு வந்த மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னடி, படம் ஓடிப்போச்சா? நான் இறக்குற மூட்டை இறக்கின இடத்துலயே கிடக்குமே!"

"மூட்டைக்கு உங்களக் கண்டா பயம். இது இடம் பாத்துதான் உக்காருமாம்."

அந்த இடத்தில் படம் கொள்ளாததால், ‘இங்கேயே நில்’ என்று தான் கொடுத்த கட்டளைதான் அதைக் கடைசிக்கு விரட்டுகிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டளையை அழித்தாள். படம் அந்தப் பத்தி இருந்த பக்கத்தின் உச்சியில் வந்து இறங்கியது. அறைக்குள்ளேயே பனி பரவியது போலிருந்தது. வெயில் சாய்வதற்குள் அனுப்பிவிட்டாள்.