சிவப்புக்கு இரண்டு மார்க்

புதுக்கடை சந்திப்பில் ரசலையன் அண்ணனின் பிளெக்ஸ் கடையில் நான் டிசைனர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கல்யாணம், கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே நாற்காலி, ஒரே மவுஸ், ஒரே ஜின்சி, அதாவது நான். 2014-இல் மண்டைக்காட்டுக் கொடைக்கு அடித்த பேனரில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாக வந்துவிட்டது. அதைச் சுருட்டிக்கொண்டு வந்து ஆட்கள் கத்தியபோது, அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே செல்போனில் நிறம் பிடிக்கும் விளையாட்டு ஒன்றை இறக்கினேன்.

மேலே ஒரு வட்டத்தில் ஒரு நிறம் வரும். கீழே இருக்கும் வண்ணச் சக்கரத்தில் விரலை நகர்த்தி அதே நிறத்தைப் பிடிக்க வேண்டும். பத்துக்கு இத்தனை என்று மார்க் போடும். முதல் வாரம் ஐந்து, ஆறு என்று தடுமாறினேன். ஒரு மாதத்தில் ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரிசெய்யும் இன்னொரு விளையாட்டும் இருந்தது. அதை ஆடிய பிறகு எங்கள் கடைப் பெயர்ப்பலகையையே பார்க்கச் சகிக்கவில்லை.

டிஜோவுக்கும் எனக்கும் அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். இருவரும் ஒரே பங்குக் கோயில். மறைக்கல்வி வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் இருந்து சடையை இழுத்தவன்தான். வாங்க, போங்க எல்லாம் எங்களுக்குள் கிடையாது. அவன் அப்பாவின் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆனால் ஆசை முழுக்கக் கப்பல் வேலையில். கப்பல் பயிற்சிக்கு இடம் கிடைத்தால் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போகும், இல்லையென்றால் இந்த வருடமே என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்தவன் என் போனைப் பிடுங்கி விளையாடினான். நீலத்துக்கு ஒன்பது. மஞ்சளுக்கு எட்டு.

"பாத்தியா பிள்ளே, உனக்க வேல எனக்கும் அறியும்" என்று மீசையைத் தடவினான்.

அடுத்தது சிவப்பு. பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் எங்கோ விரலை வைத்தான். இரண்டு மார்க்.

"களியாக்காத, ஒழுங்கா வெளாடு."

"ஒழுங்காத்தான வெச்சேன்."

மறுபடியும் சிவப்பு வந்தது, மூன்று. பச்சைக்கு இரண்டு. போன் சரியில்லை என்றான். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நான் விடுகிறவளா? அடுத்த முறை அவன் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் பச்சைப் பின்னணி போட்டு, அதன்மேல் மங்கின சிவப்பில் அவன் பெயரைப் பெரிதாக எழுதிவைத்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வெறும் பேனர காட்டி என்ன ஏமாத்துதியா?" என்று சிரித்தான்.

அவன் பெயர் அவன் கண்ணுக்கே தெரியவில்லை. இலை என்றால் பச்சை, இரத்தம் என்றால் சிவப்பு என்று பிறர் சொல்லக் கேட்டே இருபத்துநான்கு வருடம் ஓட்டிவிட்டான். வள்ளத்தின் விளக்கில்கூட, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று பக்கத்தை வைத்துத்தான் அவனுக்குக் கணக்கு. இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்த வாரமே கப்பல் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வந்தான். என் கம்ப்யூட்டரில்தான் நிரப்பினோம். கப்பலின் மேல்தள வேலைக்கு டெக், சமையலுக்குக் கிச்சன் என்று இரண்டு பிரிவு. ஒன்றுக்குத்தான் போடலாம். டெக்குக்குக் கீழே பொடி எழுத்தில், நிறம் பிரித்தறியும் கண் சோதனை உண்டு என்று ஆங்கிலத்தில் இருந்தது. கிச்சனுக்கு அது இல்லை. இரண்டுக்கும் இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் வாசித்தேன். அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கப்பலுக்குப் போற இஞ்ஞாசி மாமன் கிச்சனுக்குப் போடச் சொல்லுதாரு. எனக்கு டெக்குதான் ஆச. நீ சொல்லு பிள்ளே, எது போடட்டும்?"

என் அப்பா ததேயுஸ் கல்ஃபில் இருக்கிறார். இருபது வருடத்தில் ஏழு தடவை வந்திருக்கிறார். கடைசியாக வந்தபோது, சாயாவில் சீனி எவ்வளவு போட வேண்டும் என்று அம்மா அவரிடமே கேட்டாள். எனக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம். எனக்கு டிஜோ வேண்டும், தினமும், மீன் வாடையோடு.

"டெக்குக்கே போடு" என்றேன். டிக் போட்டதும் நான்தான்.

ஆகஸ்டில் அவனுக்கு இருபத்தைந்து முடிந்தது. செப்டம்பரில் சென்னையில் கண் சோதனை. ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் தோளில் பையோடு நேரே கடைக்கு வந்தான்.

"புள்ளிக்கு உள்ள நம்பர் இருக்காம். எனக்கு ஒண்ணும் தெரியேல்ல." பையை இறக்கி வைத்தான். பிறகு கேட்டான். "அப்பம் இத்தற நாளும் நான் கண்டது என்னதாம் பிள்ளே?"

கிச்சனுக்குப் போட்டிருக்கலாமோ, இனி வயசும் இல்லையே என்று அவனே சொல்லிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போட்டும். இனி நீதான் எனக்க கண்ணு" என்றான்.

நினைத்ததெல்லாம் நடந்தது. நவம்பரில் கல்யாணம் என்று முடிவானது. சட்டை எடுத்தால் என்ன நிறம் என்று என்னிடம் போனில் கேட்பான். தக்காளி பழுத்திருக்கிறதா என்றுகூடக் கேட்பான். அவன் கேட்கக் கேட்க நான் உள்ளுக்குள் செத்தேன். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பார்கள். முதல் ஞாயிறு எங்கள் பெயர்களை வாசித்துவிட்டு, "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றார் ஃபாதர். சிறுவயதிலிருந்து காதில் விழுந்து போன வாக்கியம்தான். அன்றைக்கு அவர் என்னிடமே கேட்டதுபோல் இருந்தது. இரண்டாவது ஞாயிறும் கேட்டார். பூசை முடிந்ததும் டிஜோவைக் கோயிலுக்குப் பின்பக்கம் கூப்பிட்டுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் சத்தம் போடவில்லை. "டிக் போட்டப்பமே அறியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"அறியும்."

"நான் உன்னட்ட கேட்டுட்டுத்தான போட்டேன் பிள்ளே."

நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்துதான் செய்தேன் என்றேன். அவன் கேட்டானா என்றுகூடத் தெரியவில்லை. திரும்பிக் கடற்கரைப் பக்கம் நடந்தான். அந்த வாரம் முழுக்க என் போனை எடுக்கவில்லை. ஆனால் அவன் வீட்டிலிருந்து யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. கோபம்தான், ஆறிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆண்கள் பக்கத்தில் தூண் ஓரமாக டிஜோ நின்றான். அவன் வந்ததே எனக்குப் போதும்போல் இருந்தது. ஃபாதர் ஓலை வாசித்தார். முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி. எங்கள் பெயர் வரவில்லை. ஃபாதர் டிஜோ நின்ற தூண் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்து வைத்து அடுத்த அறிவிப்புக்குப் போனார். டிஜோ தலையைக் குனிந்துகொண்டான்.

பூசை முடிந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, ஃபாதர் நம்ம ஓலைய மறந்துபோட்டாரு. நில்லு, நான் போயி கேட்டுட்டு வாறேன்."

அவளுடைய சேலை முந்தியைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவரு மறக்கேல்லம்மா."

அம்மா இன்னும் சிரித்தபடிதான் இருந்தாள். "பின்ன?" என்றாள்.